கொறங்காட்டில் கண்டதும் அதற்குச் சொன்ன காரணமும்

காங்கேயத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. சில காலமாக அவர் பறவைகளையும் பாம்புகளையும் கவனித்துக் குறிப்பெழுதி வருகிறார். அவருடைய அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வாழ்நாளெல்லாம் கொறங்காடு எனப்படும் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் ஆடுமாடு மேய்த்தவர். சாரைப்பாம்பும் நல்லபாம்பும் பிணைவதைத் தம் கண்ணாலேயே பார்த்ததாகவும், ஆக்காட்டிக் குருவி மேட்டில் முட்டையிட்டால் அந்த ஆண்டு மழை கொட்டும் என்றும் சொல்கிறார். கல்லூரி நண்பர்களோ, பெரியவர்கள் சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். யாரை நம்புவது, அறிவியல் சொல்வதுபோல் எல்லாவற்றையும் ஐயப்பட்டால் இயற்கையைப் பார்க்கும் மகிழ்ச்சியே போய்விடாதா, அப்புச்சியிடம் இதை எப்படிப் பேசுவது என்று அவர் கேட்கிறார்.

அப்புச்சியும் நண்பர்களும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. ஒரு கூற்றை முழுதாக ஏற்பதும் முழுதாகத் தள்ளுவதும் அதைப் பிரித்துப் பார்க்காததால் வருவன. ‘சாரையும் நல்லதும் பிணைந்தன’ என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் நான்கு செய்திகள் இருக்கின்றன: இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு நின்றன, அவற்றில் ஒன்று சாரை, மற்றது நல்லபாம்பு, அவை இணைசேர்ந்துகொண்டிருந்தன. முதலாவது மட்டுமே கண்ணால் கண்டது. மற்ற மூன்றும், கண்டதற்கு மனம் கொடுத்த பொருள். இயற்கையைக் கவனிப்பவருக்கு வேண்டிய ஐயம் இந்தப் பிரிவினையில்தான் தொடங்குகிறது. கண்டவரின் கண்ணை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. கண்டதிலிருந்து அவர் காரணத்துக்குத் தாவிய இடத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

அந்தப் பாம்புக் காட்சியையே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். உடலின் பின்பகுதிகள் கயிறு திரித்ததுபோல் ஒன்றையொன்று சுற்றியிருக்கும். முன்பகுதி தரையிலிருந்து எழும்பி நிற்கும். ஒரு தலை மேலே போனால் மற்றது அதற்கும் மேலே போகப் பார்க்கும். மேலே போனது கழுத்தைச் சாய்த்து மற்றதைத் தரையோடு அழுத்தும். அழுத்தப்பட்டது வழுக்கி வெளியேறி மீண்டும் எழும்பும். கடிப்பது பெரும்பாலும் இல்லை. நெடுநேரம் நடக்கும் இந்த ஆட்டத்தின் முடிவில் ஒன்று விட்டுவிட்டு விலகி ஓடும், மற்றது நிற்கும் அல்லது சிறிது தூரம் துரத்தும். இணைசேர்வதாக இருந்தால் இப்படி ஒன்றையொன்று கீழே தள்ள வேண்டிய தேவை என்ன? இது இரண்டு ஆண் சாரைகளின் வலிமைப் போட்டி என்பது பாம்பியலாளர்கள் தெளிவாகப் பதிவு செய்துள்ள செய்தி. உண்மையில் சாரைகள் இணைசேர்வது பார்ப்பதற்கு இவ்வளவு கவர்ச்சியாக இருக்காது; தரையோடு தரையாக உடலை ஒட்டிக் கிடக்கும், வால்பகுதிகள் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் அதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் குறைவு. போட்டியைப் பார்த்து வெள்ளை வேட்டியை மேலே போட்டு எடுத்துவந்ததாகச் சொல்பவர்கள் ஊருக்கு நான்கு பேராவது இருப்பார்கள்.

அப்படியானால் நல்லபாம்பு எங்கிருந்து வந்தது? சாரையின் நிறம் ஒரே மாதிரி இருப்பதில்லை. மஞ்சள் கலந்த பழுப்பு, ஆலிவ், சாம்பல், ஏறத்தாழக் கறுப்பு என்று பல வகையாக இருக்கும். வெளிர்நிறச் சாரையும் கருநிறச் சாரையும் மல்லுக்கு நிற்பதைப் பத்தடி தூரத்திலிருந்து, அதுவும் அச்சத்தோடு பார்ப்பவர், இரண்டு நிறத்தை இரண்டு இனம் என்று கொள்வது இயல்பு. எலிக்காக வரும் சாரையும் நல்லபாம்பும் ஒரே சோளக்காட்டில், ஒரே வைக்கோற்போரடியில் தென்படுவதும் அந்த எண்ணத்துக்குத் துணைசெய்கிறது. ஆனால் அவை இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, அவற்றுக்கிடையே இனக்கலப்பு நடப்பதில்லை. உங்கள் அப்புச்சியிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: கறுப்பாக இருந்தது படம் எடுத்ததா? உதட்டுச் செதில்களின் ஓரங்களில் கறுப்புக் கோடுகள் இருந்தனவா? எது எதைக் கீழே அழுத்தியது? இந்தக் கேள்விகளுக்கு அவர் நினைவிலிருந்து விடை சொல்வார், ஏனென்றால் அவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார். விடைகளைக் கேட்டபின் அவரே தம் காரணத்தை மறுபரிசீலனை செய்யவும் கூடும், செய்யாமலும் போகலாம்.

கண்டதற்கும் கொண்ட பொருளுக்கும் இடையிலான இந்தத் தூரம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. பழனிமலைப் பகுதியை ஆண்ட பேகன், மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்த கதை நமக்குப் பாலர் வகுப்பிலிருந்தே தெரியும். அவனுடைய கொடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அவன் கவனிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மயில் நடுங்கியது என்பது முழுக்கச் சரி. ஆண் மயில் தோகையை விரித்து நிற்கும்போது அதன் இறகுகளை நொடிக்கு ஏறத்தாழ 25 முறை அதிரவைக்கிறது என்று அதிவேகப் படப்பிடிப்பு வழியாக அளந்திருக்கிறார்கள். அருகில் நின்றால் காய்ந்த ஓலை சலசலப்பதுபோல் ஓசையும் கேட்கும். மழைமேகம் சூழ்ந்த மலைச்சாரலில் அந்த நடுக்கத்தைப் பார்த்த அரசன் அதற்குக் குளிர் என்று காரணம் கற்பித்தான். பெண் மயிலைக் கவர்வதற்கான அதிர்வு என்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. கடையேழு வள்ளல்களில் ஒருவனைக் குறைத்துப் பேசுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மயிலின் நடுக்கத்தைக் கவனித்த அளவுக்கு அவன் நல்ல இயற்கை ஆர்வலன் என்றுதான் சொல்கிறேன்.

மயிலைப் பற்றிய எல்லாக் கதைகளுக்கும் இந்தச் சலுகை கிடைக்காது. ஆண் மயிலின் கண்ணீரைக் குடித்துப் பெண் மயில் கருவுறுகிறது என்ற கதையில் கண்டது என்று எதுவுமே இல்லை. 2017-ல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே இதை உண்மைபோலச் சொன்னார், நாடு முழுக்கச் செய்தியானது. கோழியும் சேவலும் எப்படிச் சேர்கின்றனவோ அப்படியேதான் மயில்களும். அது சில நொடிகளில் முடிந்துவிடுவதால் பலர் கண்ணில் படுவதில்லை.

ஆனால் நம் பகுதியில் மயில் சார்ந்து இன்று கேட்கப்படும் பெரிய கேள்வி வேறு. பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை என்று எங்கு போனாலும் ‘மயில் தொல்லை தாங்கவில்லை’ என்ற பேச்சுத்தான். நிலக்கடலையைக் கிளறுகிறது, தக்காளியைக் கொத்துகிறது, முளைவிட்ட சோளத்தைப் பிடுங்குகிறது. பெருகியிருக்கிறது என்ற கவனிப்பு பொய்யில்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-ல் வெளியான அறிக்கையும் நாட்டின் பல பகுதிகளில் மயில் எண்ணிக்கை உயர்ந்திருப்பதாகவே காட்டுகிறது. ஏன் என்பதில்தான் ஆளுக்கொரு விடை. குள்ளநரிகள் அழிந்ததால் முட்டைகளுக்கு எதிரி இல்லை என்கிறார் ஒருவர். தரிசு விழுந்த காடுகளில் சீமைக்கருவேலம் மண்டி மயிலுக்கு மறைவிடம் தந்துவிட்டது என்கிறார் இன்னொருவர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் முருகன் மேலுள்ள பக்தியும் சேர்ந்து வேட்டையைக் குறைத்துவிட்டன என்பது மற்றொரு விளக்கம். கைப்பேசிகளில் வலம்வரும் விளக்கமோ, மயில் பெருகினால் அந்த ஊர் பாலைவனமாகப் போகிறது என்று பொருள் என்கிறது.

கடைசியாகச் சொன்னதை எடுத்துக்கொள்வோம், அதில்தான் உண்மையும் மிகையும் கலந்து கிடக்கின்றன. மயில் வறண்ட புதர்நிலத்தை விரும்பும் பறவை. 1933-ல் சாலிம் அலி அன்றைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது மயில் அவர் பதிவில் இடம்பெறவில்லை. இன்று கேரளத்தில் அது பரவலாகக் காணப்படுகிறது. அங்கே தட்பவெப்பம் மாறுவதோடு இதைத் தொடர்புபடுத்தி ஆய்வுகள் வந்துள்ளன. அந்தக் கேரளச் செய்தியை அப்படியே பெயர்த்து இங்கே நட்டால் பொருந்துமா? மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் நம் மேட்டாங்காடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் நெடுங்காலமாகவே. மயிலுக்கு ஏற்ற வறட்சி இங்கே நம் பாட்டன் காலத்திலும் இருந்தது. அப்போது ஏன் இத்தனை மயில் இல்லை என்ற கேள்விக்கு வறட்சி விடை தராது. நரி, கருவேலம், வேட்டைக் குறைவு ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை என்பதால் எது காரணம் என்று பிரிப்பது கடினம். நரி இன்னும் இருக்கும் ஊரையும் இல்லாத ஊரையும், கருவேலம் மண்டிய காட்டையும் அகற்றிய காட்டையும் ஒப்பிட்டு எண்ணினால்தான் பிடி கிடைக்கும். அதுவரை ‘பெருகியிருக்கிறது, காரணங்கள் பல இருக்கக்கூடும்’ என்று நிறுத்திக்கொள்வதில் இழிவு ஒன்றுமில்லை.

ஐயத்தைப் பெரியவர்கள் சொல்லுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கக்கூடாது என்பதற்குச் சிட்டுக்குருவி நல்ல எடுத்துக்காட்டு. கைப்பேசிக் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்தது என்பதை உங்கள் கல்லூரி நண்பர்களில் பாதிப்பேர் அறிவியல் உண்மையாகவே எண்ணிக்கொண்டிருப்பார்கள். கதிர்வீச்சு என்ற சொல் அதற்கு ஆய்வகத் தோற்றத்தைத் தந்துவிட்டது. பிரிட்டனில் 1970-களின் பிற்பகுதியிலேயே சிட்டுக்குருவிகள் குறையத் தொடங்கின. அங்கே அப்போது கைப்பேசியே கிடையாது. இந்தியாவில், 15,500-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்ட அந்த 2020 அறிக்கை, பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதையும் பார்க்கையில் சிட்டுக்குருவி பெரும்பாலும் நிலையாக இருப்பதாகச் சொல்கிறது. கோபுரத்தோடு அதைத் தொடர்புபடுத்த ஆதாரம் கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் பக்கத்து மலையிலேயே நடக்கிறது. ஆனைமலைக் காட்டில் மலை இருவாச்சிப் பெண் பறவை ஒரு பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவுக் கூழையும் பூசி வாயிலை அடைத்துக்கொள்ளும்; அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கும்; மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் அதற்கு ஆண் பறவை அத்திப்பழங்களைக் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியே ஊட்டும். காடர் பழங்குடியினர் காலங்காலமாக அறிந்திருந்த இந்தச் செய்தியை, பார்க்காத ஒருவர் கேட்டால் மயில் கண்ணீரைவிடப் பெரிய கட்டுக்கதை என்றுதான் சொல்வார். ஆய்வாளர்கள் மரத்தடியில் நாள்முழுக்கக் காத்திருந்து ஒவ்வொரு வருகையையும் பழத்தையும் எண்ணிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, கேட்பதற்கு நம்பும்படி இருக்கிறதா என்பது உண்மையை அளக்கும் கோலாகப் பயன்படாது. ஐயம் மகிழ்ச்சியைக் கெடுத்துவிடுமோ என்ற உங்கள் கவலைக்கும் இதுவே என் விடை. சோதித்தபின் மிஞ்சிய இருவாச்சி, சோதிப்பதற்கு முன் இருந்த இருவாச்சியைவிட ஒரு துளிகூடக் குறைந்த வியப்பைத் தருவதில்லை.

ஐயம் எவ்வளவு பயனுள்ள வேலையைச் செய்யும் என்பதைப் பாறு கழுகுகளின் வரலாற்றில் காணலாம். மாடு செத்தால் வானத்திலிருந்து வட்டமிட்டு இறங்கும் அந்தப் பறவைகளை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது. பூச்சிமருந்து, தீனிப் பற்றாக்குறை, ஏதோ ஒரு புதிய வைரஸ் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. வைரஸ் என்ற கருத்துக்கு அறிவியலாளர்களிடையேயே நல்ல செல்வாக்கு இருந்தது. பாகிஸ்தானில் ஆய்வு செய்த ஒரு குழு, இறந்த பறவைகளின் உறுப்புகள் மேல் வெண்ணிறமாக யூரிக் அமிலம் படிந்திருப்பதைக் கண்டு, சிறுநீரகச் செயலிழப்பு என்று தெரிந்துகொண்டது. அந்தப் படிவு இருந்த பறவைகளில் கால்நடைகளுக்குப் போடும் வலிநிவாரணியான டைக்லோஃபினாக் இருந்தது. படிவு இல்லாமல் வேறு காரணத்தால் இறந்தவற்றில் அது இல்லை. அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அந்த மருந்து செலுத்திய கால்நடையின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றில் பல அதேபோல் இறந்தன. 2004-ல் முடிவு வெளியானது, 2006-ல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தது. வைரஸ்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு அமர்ந்திருந்தால் இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கில், சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளின் ஓரத்தில் எஞ்சியிருக்கும் கூடுகளும் இருந்திருக்காது. மாடு வளர்ப்பவர் வீட்டுப் பிள்ளை என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்கலாம்.

காலடித் தடத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘சிறுத்தை நடமாட்டம்’ என்ற பீதி நம் ஊர்களில் அடிக்கடி கிளம்புகிறது. புழுதியில் பதிந்த தடத்தில் நகத்தின் கூர்முனை விரல்களுக்கு முன்னால் குத்தியிருந்தால் பெரும்பாலும் அது நாய். பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். நாயின் நடுவிரல்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே வரிசையில் இருக்கும். சிறுத்தைத் தடத்தில் ஒரு விரல் சற்று முந்தி நிற்கும், குதித்திண்டின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகத் தெரியும். ஈரச் சேற்றில் எந்தத் தடமும் விரிந்து பெரிதாகிவிடும். எனவே ஒரே தடத்தை வைத்து முடிவுகட்டாமல் வரிசையாகப் பல தடங்களைப் பார்த்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமெடுக்க வேண்டும். ஊரார் மட்டும் இதில் ஏமாந்ததாக எண்ண வேண்டாம். தடத்தைப் பார்த்தே ஒவ்வொரு புலியையும் அடையாளம் கண்டு எண்ணிவிடலாம் என்ற முறையை நாடே பல்லாண்டு பின்பற்றியது. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் இருந்த புலிகள் காட்டில் இல்லை என்று 2005-ல் தெரியவந்தபின்தான், வரிகளைக் கொண்டு புலியைப் பிரித்தறியும் தானியங்கிக் கேமரா முறை நாடு முழுவதும் இடம்பிடித்தது.

இனி ஆக்காட்டிக்கு வருகிறேன். சாரைக் கதையைப் போலன்றி இதை நீங்களே உங்கள் கொறங்காட்டில் சோதிக்கலாம். கிளுவை வேலிக்குள், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே, வெறும் தரையில் சிறு குழிவு செய்து, கூழாங்கற்களோடு கல்லாக நான்கு முட்டைகளை அது இட்டிருக்கும். கோடைமழைக் காலத்தில் தேடத் தொடங்குங்கள். மேடு என்றால் எது, பள்ளம் என்றால் எது என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிட வேண்டும். எந்த மழை கணக்கு என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்: ஆடியை ஒட்டிய தென்மேற்குப் பருவமா, ஐப்பசி வடகிழக்கா? இல்லாவிட்டால் ஒன்று பொய்த்தபோது மற்றதைக் காட்டித் தப்பித்துவிடலாம். வட்டத்தின் மழைமானிப் பதிவே போதும். முதல் ஆண்டிலேயே கூர்மையான ஒரு சோதனை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். ஒரே கொறங்காட்டில் ஒரு கூடு மேட்டிலும் இன்னொன்று பள்ளத்திலும் இருந்தால், வானம் இரண்டுக்கும் ஒரே மழையைத்தான் தரும். அப்போது எந்தக் குருவி சொன்னதை எடுத்துக்கொள்வது? அப்புச்சி சொல்வதில் வேறு வகையான உண்மை ஒளிந்திருக்கவும் இடமுண்டு. சித்திரையிலேயே நல்ல மழை பெய்து பள்ளங்களில் நீர் தேங்கினால் பறவை மேட்டைத் தேடும். அந்த ஆண்டின் ஈரம் தொடர்ந்தால், பறவை முன்னறிந்து சொன்னதாகத் தோன்றும். வந்துவிட்ட மழைக்குப் பறவை தந்த விடையை, வரப்போகும் மழையின் அறிவிப்பாக நாம் படித்திருக்கலாம். பலித்த ஆண்டுகள் ஊர்ப்பேச்சில் நிலைத்துவிடும், பலிக்காதவற்றை யாரும் சொல்லி வைப்பதில்லை என்பதால் குறிப்பேடு இல்லாமல் இதைத் தீர்க்க முடியாது.

அப்புச்சியிடம் எதிர்வாதம் செய்வதைவிடக் கூட்டுச் சேர்த்துக்கொள்வது நல்லது. கூட்டைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு இணையாக நீங்களோ நானோ வரமாட்டோம். ஆனால் உயிரைக் காவுகொள்ளும் நம்பிக்கைகளில் இந்த நயம் தேவையில்லை. மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு என்று லட்சக்கணக்கில் விலைபேசும் மோசடிக்காரர்களிடமும், மாந்திரீகத்துக்கென்று தேவாங்கைப் பிடிப்பவர்களிடமும், பொய் என்று நேராகவே சொல்லிவிட வேண்டும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரை ஒட்டிய காடுகளில் 2022-ல் தேவாங்குக்கென்றே ஒரு சரணாலயம் அறிவிக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவையும் மூன்றாகப் பிரித்து எழுதப் பழகுங்கள்: கண்டது, கேட்டது, நான் எண்ணுவது. நேரம், தூரம், வெளிச்சம், எந்த அடையாளத்தைக் கொண்டு இனத்தை முடிவுசெய்தீர்கள் என்பது முதல் பகுதியில் வரட்டும். அடையாளம் போதவில்லையென்றால் ‘பெயர் தெரியாத வல்லூறு வகை’ என்று எழுதுவதில் தயக்கம் வேண்டாம். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்து, நஞ்சராயன் குளத்திலோ வெள்ளோட்டிலோ அனுபவமுள்ளவர்களோடு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்கள் எண்ணிக்கையும் அவர்கள் எண்ணிக்கையும் எங்கே வேறுபடுகின்றன என்பதே நல்ல பாடமாக இருக்கும். ஆக்காட்டிக் கூட்டைக் குறித்தபின் அங்கேயே நிற்க வேண்டாம். தாய்ப்பறவை கத்திக்கொண்டு சுற்றும் நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் கிடக்கும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். வேலிக்கால் ஒன்றிலிருந்து எத்தனை எட்டு என்று எண்ணிக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.